டெல்டாவில் வெள்ளம்: வருகிற வழியும் வடிகிற வழியும்

காவிரி டெல்டாவில் ‘வெள்ளம் வருகிறது’ என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது ‘எந்த வெள்ளம்?’ என்பதுதான். மேட்டூரிலிருந்து ஆற்றில் இறங்கி வருவது ஒன்று. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் ஊர் மீதே கொட்டும் மழை இன்னொன்று. புயலோடு ஏறிவரும் கடல் மூன்றாவது. மூன்றுக்கும் மாதம் வேறு, கிடைக்கும் அவகாசம் வேறு, அடிபடும் ஊர்களும் வேறு. கொள்ளிடக் கரைக்காரருக்குச் சொல்லும் யோசனை கடலோர நாகப்பட்டினம் மாவட்டத்துத் தலைஞாயிற்றுக்காரருக்கு உதவாது.

வெள்ளத் தயாரிப்பு என்றாலே டார்ச் லைட், பிஸ்கட் பாக்கெட் என்று பட்டியல் போடுவது வழக்கமாகிவிட்டது. அவையும் வேண்டும்தான். ஆனால் சமதரையான இந்த மண்ணில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதைவிட, எந்த வழியாக வெளியேறும், அந்த வழி திறந்திருக்கிறதா என்பதே வீட்டையும் பயிரையும் காப்பாற்றுகிறது. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

முதல் படி: ஆற்றின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலும், காவிரி குறுகும். திருச்சியில் அகன்று கிடக்கும் ஆறு, பூம்புகாரில் கடலைச் சேரும்போது வாய்க்கால் அளவுக்கு வந்துவிடுகிறது. முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. அதற்கப்பால் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, கோரையாறு, பாமணியாறு என்று கிளைத்துக் கிளைத்து, கடைசியில் கன்னி வாய்க்காலாகி வயலுக்குள் முடிகிறது. தண்ணீரைக் கொடுத்துக் கொடுத்துச் சிறுத்துப்போகும் அமைப்பு இது. பெருவெள்ளத்தைக் கடலுக்குத் தள்ளும் வேலை கொள்ளிடத்துக்குத்தான். மேட்டூரில் லட்சம் கன அடிக்கு மேல் திறந்தால் முக்கொம்பிலேயே பெரும்பகுதியைக் கொள்ளிடத்துக்குத் திருப்புவது அதனால்தான்.

இன்னொரு குணம், டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாதது: பாசனம் தரும் ஆறே கீழே போகப் போக வடிகாலும் ஆகிறது. மேலே வடிந்த தண்ணீர் கீழே இருப்பவருக்குப் பாசனம். கோடையில் இது வரம். மழைக்காலத்தில் தஞ்சாவூர் வடித்தது திருவாரூர் தலையிலும், திருவாரூர் வடித்தது நாகப்பட்டினத்தின் தலையிலும் விழுகிறது. அந்த வரிசையின் கடைசியில் கடலோரத்தில் இயக்கு அணை, அதாவது கதவுகள் கொண்ட தடுப்பணை, நிற்கிறது. உப்புநீர் ஏறாமலிருக்க அதன் கதவுகளை அடைக்க வேண்டும். மழைநீர் வெளியேற அதே கதவுகளைத் திறக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும். காற்றும் கரையை நோக்கி வீசினால் கதவைத் திறந்தும் தண்ணீர் போகாது. ஆற்று முகத்தில் மணல் மேடிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். மழை விட்டு நான்கு நாளாகியும் கடைமடையில் தண்ணீர் வடியவில்லை என்று செய்தி வந்தால் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தச் சங்கதிதான்.

இரண்டாம் படி: செய்தியில் வரும் எண்களைப் படிக்கப் பழகுங்கள்

கன அடி என்று சொல்வது ஒரு விநாடிக்கு ஒரு கன அடி, அதாவது சுமார் 28 லிட்டர். லட்சம் கன அடி ஒரு நாள் முழுதும் ஓடினால் 8.64 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காலியான அணையாக இருந்தாலும் அந்த வரத்து பதினோரு நாளில் நிரப்பிவிடும். நிரம்பிய பிறகு அணை வெள்ளத்தைப் பிடித்து வைக்காது. வருகிற தண்ணீர் அப்படியே கீழே போகும். ‘மேட்டூர் நிரம்பியது’ என்ற செய்தி சம்பாவுக்குக் காத்திருப்பவருக்கு நிம்மதி. கொள்ளிடப் படுகையில் குடியிருப்பவருக்கு அதுவே முதல் எச்சரிக்கை.

ஆடி, ஆவணியில் தினமும் நான்கு எண்களைக் கவனித்தால் போதும்: காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து, மேட்டூர் நீர்மட்டம், மேட்டூரிலிருந்து வெளியேற்றம், முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் விடும் அளவு. மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் இடையே சுமார் 177 கிலோமீட்டர். பாசனத்துக்கு ஜூன் 12-ஆம் தேதி திறக்கும் தண்ணீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாட்கள் ஆகும். பெருவெள்ளம் அதைவிட விரைந்து வரும். எப்படியும் ஆற்று வெள்ளத்தில் தயாராக நேரம் கிடைக்கும். வெள்ளத்திலேயே நியாயமானது இதுதான் என்று சொல்லலாம். ஆனால் ஆற்றுக்குள் இருக்கும் கட்டுமானத்தை நம்பி அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது. 1836-இல் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது 2018 ஆகஸ்ட் 22 அன்று அடித்துச் செல்லப்பட்டன. 2024 ஆகஸ்டில் திருச்சி அருகே கொள்ளிடத்துக்குள் நின்ற உயர்மின் கோபுரம் வெள்ளத்தில் சாய்ந்தது.

மழை எண்களுக்கு வருவோம். வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 செ.மீ. மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. காலை 8.30 மணி வரை பெய்ததே ஒரு நாள் கணக்கு. இதை நிலத்தின் மொழிக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு மா நிலத்தில், அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கில், 1 செ.மீ. மழை என்றால் சுமார் 13,000 லிட்டர். 20 செ.மீ. பெய்தால் இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல். விநாடிக்குப் பத்து லிட்டர் இறைக்கும் எஞ்சினை வைத்தால் ஒரு மாவை வடிக்க ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். இருபது மா கொண்ட ஒரு வேலிக்கு ஆறு நாள். அதுவும் மழை நின்று, இறைத்த தண்ணீரை ஏற்கப் பக்கத்து வடிகாலில் இடமும் இருந்தால்தான். எஞ்சின் நாற்றங்காலைக் காப்பாற்றும், ஊரை வடிக்காது. வடிகால்தான் வடிக்கும்.

2022 நவம்பர் 11-ஐ ஒட்டிச் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் 60 செ.மீ.க்கு மேல் பதிவானது. இரண்டிலும் தண்ணீர் மேட்டூரிலிருந்து வரவில்லை, வானத்திலிருந்து நேராக வந்தது. இந்த வகைக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணி நேரம்தான். காரைக்காலில் டாப்ளர் ரேடார் இருக்கிறது. மழை மேகம் கடலிலிருந்து நகர்ந்து வருவதை அதன் படத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அரசின் டிஎன் அலர்ட் செயலியையும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகளை விட்டுவிடலாம். போன புயலுக்குப் பேசியதை இந்தப் புயலுக்கும் அனுப்புகிறார்கள்.

மூன்றாம் படி: உங்கள் தண்ணீர் வெளியேறும் வழியை நடந்து பாருங்கள்

இதற்கு ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரம் சரியான நேரம். உங்கள் வயலின் வடிமடையில் தொடங்குங்கள். எந்த வடிவாய்க்காலில் இறங்குகிறது, அது எந்த ஆற்றில் சேர்கிறது, அந்த ஆற்றின் இயக்கு அணை எங்கே என்று கடைசி வரை போய்ப் பாருங்கள். முழுவதும் நடக்க முடியாவிட்டால் சைக்கிளில் போகலாம். ஒரு தாளில் வரைந்து, தண்ணீர் எங்கெல்லாம் தடைபடும் என்று குறித்துக்கொள்ளுங்கள். வழியில் பார்க்க வேண்டியவை பல. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்குச் செடியும் எங்கே அடைத்து நிற்கின்றன? சாலைக்குக் கீழே போகும் குழாய், வாய்க்காலின் அகலத்துக்குப் பொருந்துகிறதா, மண் மூடியிருக்கிறதா? மீன் பிடிக்கக் கட்டிய பட்டி குறுக்கே நிற்கிறதா? மனை போட்டவர் வாய்க்காலைத் தூர்த்துவிட்டாரா?

சாலைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். டெல்டாவின் சரிவு பெரும்பாலும் கிழக்கு நோக்கியது. வடக்கு தெற்காகப் போகும் சாலையை உயர்த்திப் போட்டு, கீழே போதிய குழாய் வைக்காவிட்டால் அது கரையாகிவிடுகிறது. மேற்கே இருப்பவர் மூழ்குவார், கிழக்கே இருப்பவர் காய்ந்த தரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நடு இரவில் சாலையை வெட்டிவிடுவது, அதனால் இரண்டு ஊர் கைகலப்பு, பிறகு போலீஸ் என்று போவதெல்லாம் இங்கிருந்து தொடங்குவதுதான். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் செப்டம்பரிலேயே உட்கார்ந்து, எந்த இடத்தை யார் முன்னிலையில் திறப்பது என்று பேசி முடித்துவிடுவது நல்லது. மழையில் நனைந்துகொண்டு பேசினால் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது மட்டம். கொத்தனார் மட்டம் பார்க்கும் நீண்ட பாலித்தீன் குழாயில் தண்ணீர் நிரப்பி, வீட்டுத் தரைமட்டம், திண்ணை, மாட்டுக்கொட்டகை, அடிபம்பு, தெருச் சாலை ஆகியவற்றில் எது மேலே, எது கீழே என்று அளந்துகொள்ளுங்கள். சுவரில் பழைய வெள்ளக்கறை இருந்தால் அதையும் அளவில் சேர்க்க வேண்டும். தெருச் சாலையில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் கொட்டகைக்குள் நுழையும், எந்த மட்டத்தில் வீட்டுக்குள் வரும் என்று அப்போது தெரிந்துவிடும். பக்கத்து மின்கம்பத்தில் பெயின்ட்டால் இரண்டு கோடு போட்டு வையுங்கள்: முதல் கோட்டில் மாட்டை நகர்த்த வேண்டும், இரண்டாவது கோட்டில் ஆட்கள் கிளம்ப வேண்டும்.

நான்காம் படி: மழைக்கு முன் முடிக்க வேண்டியவை

அரசின் தூர்வாரும் பணி ஆண்டுதோறும் கோடையில், மேட்டூர் திறப்பதற்கு முன் நடக்கிறது. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். அக்டோபருக்குள் வடிவாய்க்காலில் செடி மீண்டும் மண்டிவிடும். எனவே புரட்டாசியில் ஊர்க்காரர்கள் இன்னொரு முறை வடிவாய்க்காலை அரித்துவிட வேண்டும். ஆகாயத்தாமரையை வெட்டி வாய்க்காலிலேயே மிதக்கவிட்டால் அது அடுத்த குழாயில் போய் அடைக்கும். கரைக்கு ஏற்றித் தள்ளிப் போடுங்கள். நீர்வளத் துறையின் லஸ்கர் (மதகு இயக்குபவர்), கரைக்காவலர், உதவிப் பொறியாளர் ஆகியோரின் எண்களைக் கைப்பேசியில் மட்டுமல்லாமல் சுவரிலும் எழுதி வையுங்கள்.

பயிர் விஷயத்தில் ரகத் தேர்விலேயே பாதி வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் மூழ்கும் தாழ்வான வயலில் நீண்டகாலச் சம்பா போடுவதாக இருந்தால் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தை யோசிக்கலாம். வளரும் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை முழுதாக மூழ்கினாலும் மீண்டு வரும் மரபணு அதில் இருக்கிறது. பூக்கும் பருவத்தில் மூழ்கினாலோ, அறுவடை நேரத்தில் சாய்ந்து முளைத்தாலோ அந்த மரபணு உதவாது. 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் டெல்டா பார்த்த இழப்பு அந்த வகையைச் சேர்ந்தது. நாற்றங்காலை வயலின் மேடான மூலையில் போடுவதும், ஒரு பகுதி நாற்றை மிச்சம் வைப்பதும் பழைய வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

குறுவை அறுவடை மழைத் தொடக்கத்தோடு மோதுகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அரசு தளர்வு அறிவித்தால்தான் கூடுதல். களத்தில் குவித்து வரிசைக்குக் காத்திருக்க நேர்ந்தால், நெல்லுக்கு மேலே படுதா போடுவதோடு அடியிலும் தரையைவிட உயரமாக ஏதாவது போட்டு வையுங்கள். மேலே நனைவதைவிட அடியில் ஊறிக் கெடுவது அதிகம்.

சம்பா, தாளடிக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி வாரத்தில் பொதுச் சேவை மையத்தில் கூட்டமும் சர்வர் கோளாறும் சேர்ந்துகொள்ளும். அதற்குத் தேவையான அடங்கலை (சாகுபடிச் சான்று) அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள்.

மாடுகளுக்குக் கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். வைக்கோல் போரை மேட்டுக்கு மாற்றுங்கள். வீட்டில் குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். படம் எடுத்து வெளியூர் உறவினருக்கு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. தொடர்ந்து சாப்பிடும் மாத்திரைகள் பத்து நாளுக்குக் கையிருப்பில் வேண்டும்.

ஐந்தாம் படி: புயல் என்றால் கூடுதலாக

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க இல்லை. எனவே புயல் எச்சரிக்கை வந்ததும் முதல் வேலை, வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரத்திலும் குடிநீர் பிடித்து மூடி வைப்பது. ஊருக்கு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குப் பேசி வைப்பதை ஆடம்பரச் செலவு என்று நினைக்க வேண்டாம். தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் முன்கூட்டியே இறக்கிவிட்டால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும். வாழைக்குச் சவுக்குக் கம்பு முட்டு கொடுங்கள்.

காற்று திடீரென்று அடங்கினால் வெளியே வந்துவிடாதீர்கள். புயலின் கண் கடந்த பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். கடலோர ஊர்களில் ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் இருப்பவர்கள் காற்று எழும் முன்பே, பகல் வெளிச்சத்தில், பல்நோக்குப் பாதுகாப்பு மையத்துக்குப் போய்விட வேண்டும்.

ஆறாம் படி: தண்ணீர் வந்த பிறகு

ஆற்றங்கரை ஊர்களில் இரவுக் காவல் முக்கியம். கரையின் வெளிப்பக்க அடியில் நீர் கசிகிறதா என்று பாருங்கள். கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்து போகிறது. உடைப்பு நெருங்கிவிட்டது என்று பொருள். உடனே தகவல் சொல்லி, பக்கத்து வீடுகளைக் காலி செய்ய வைக்க வேண்டும். ஊற்றுப்போலக் கொப்பளிக்கும் இடத்தை மேலே மண் போட்டு அமுக்கினால் தண்ணீர் வேறிடத்தில் கிளம்பும். அதைச் சுற்றி வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, உள்ளே நீர் உயர விட்டால் அழுத்தம் குறையும். மூட்டைகளை முழுக்க நிரப்பாமல் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். எலிவளையும் நண்டுவளையும் கரையின் பரம எதிரிகள். அவற்றைக் கோடையிலேயே அடைத்திருக்க வேண்டும்.

கொள்ளிடத்துக்குள் இருக்கும் நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற ஊர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: மேட்டூரில் லட்சம் கன அடிக்கு மேல் திறந்த செய்தி வந்த அன்றே ஆடுமாடுகளோடு கரையேறிவிடுங்கள். படகுக்காகக் காத்திருப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

ஓடும் தண்ணீரில் அரை அடி ஆழமே ஆளைத் தள்ளும். ஒரு அடி சிறிய காரை நகர்த்தும். தரைப்பாலத்தில் பைக்கை விடும் துணிச்சல் வேண்டாம். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள், சிலிண்டரை மூடுங்கள், மாடுகளை ஓட்டிப்போக முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, கால்நடை ஆம்புலன்ஸ் 1962, மின்சாரப் புகார் 94987 94987.

ஏழாம் படி: வடிந்த பிறகு

வீட்டுக்குள் நுழையும்போது கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் பரணிலும் மூட்டை இடுக்கிலும் ஒதுங்கியிருக்கும். கடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், வேறு வைத்தியம் பார்த்து நேரத்தை இழக்கக் கூடாது. நனைந்த சுவிட்ச் போர்டை எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை தொட வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் இருந்தால் தாமதிக்காதீர்கள்.

வயலில் தண்ணீர் நிற்கும்போதே உரம் போடுவது காசைக் கடலுக்கு அனுப்புவதுதான். முதலில் வடிக்க வேண்டும். பிறகு இளம்பயிருக்கு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுவது வேளாண் துறை சொல்லும் அளவு. இலை மஞ்சளித்திருந்தால் 200 லிட்டர் நீரில் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் கரைத்துத் தெளிக்கலாம். இடைவெளிகளில் மிச்ச நாற்றை நடுங்கள். மேகமூட்டம் நீடித்தால் ஆனைக்கொம்பன், இலைச்சுருட்டுப் புழு, புகையான் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். கடல்நீர் ஏறிய வயல் என்றால் காயவிடாமல், கிடைக்கும் மழைநீரைத் தேக்கித் தேக்கி வடிப்பதே முதல் மருந்து. அடுத்த பயிருக்கு முன் மண் பரிசோதனை செய்யுங்கள்.

தண்ணீர் நிற்கும்போதே பயிரின் படத்தை, எல்லை தெரியும்படி, தேதியோடு எடுத்துவிடுங்கள். அறுத்துக் காயப்போட்ட நெல் புயலிலோ மழையிலோ கெட்டால் 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு நிவாரணத்துக்கு 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்பது அளவுகோல். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வரும்போது குத்தகைதாரர் நேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டாவில் உள்ள பெயரே பட்டியலில் ஏறும். பட்டியலில் விடுபட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் வட்டாட்சியருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூன்றாம் படியில் வரைந்த வரைபடத்தில் இந்த ஆண்டு தண்ணீர் நின்ற இடங்களையும் நாட்களையும் சேர்த்து, ஜனவரி அல்லது பிப்ரவரியில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுங்கள். கோடையில் தூர்வாரும் பணிகளின் பட்டியல் அதற்குப் பிறகுதான் முடிவாகும்.